தள்ளுவண்டிக்கு அனுமதி உண்டு

அந்த ஐஸ் பெட்டியைக் கீழே வையுங்கள் தம்பி, கை கடுத்துப் போகும். வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்களா? அனுப்புவார்கள். வீட்டுக்காரியும் குழந்தையும் உள்ளே, நீங்கள் பெட்டிக்குக் காவலாக்கும். நல்லது, இப்படி நிழலில் உட்காருங்கள். சிகரெட்டா? தாராளமாகப் பற்ற வையுங்கள். அந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கூடாது.

கேட்டில் நின்றவனிடம் மல்லுக்கு நிற்காமல் வந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இதே வாசலில், ஒரு பெட்டி, கொஞ்சம் புகை, ஒரு வண்டி, இந்த மூன்றுக்காக ஒரு காணும் பொங்கலன்று பதினோரு மண்டை உடைந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. பேப்பரில் ‘லேசான தள்ளுமுள்ளு’ என்று போட்டான். பேப்பர்காரன் எங்கே வந்து பார்த்தான்? நான் பார்த்தேன். பார்த்தேன் என்ன, நடுவிலேயே நின்றேன். அப்போது இந்த நீலச்சுறா நீர்ப் பூங்காவுக்கு நான்தான் கேட் சூப்பர்வைசர். குருவையா என்றால் இங்கேயிருந்து வாடிப்பட்டி வரைக்கும் ஒரு நடுக்கம் இருக்கும். கையில் லத்தி வைத்திருப்பேன். கடையில் வாங்கியது இல்லை, வைரம் பாய்ந்த கருவேலங்கம்பு. ஒருமுறை பார்க்கிங்கில் குறுக்கே நின்ற லாரியை அதனால் ஒரு தட்டுத் தட்டினேன், ஆறு டயரும் ஒரே நேரத்தில் வெடித்தன. டிரைவர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

பலகையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பூங்கா திறந்த புதிதில் மேனேஜர் நிர்மல் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். குன்னூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கச் சொன்னால் முழிப்பார். வெளிநாட்டில் ஏதோ ஒரு பெரிய பூங்காவின் விதிகளாம், எல்லாம் இங்கிலீஷ். “குருவையா, நீங்க சுவர் விளம்பரம்லாம் எழுதினவராமே, இதைத் தமிழ்ல போட்டுக் குடுங்க” என்றார். எழுதினவன்தான். இந்தத் தொகுதியில் நான் வாசகம் எழுதிக் கொடுக்காத கட்சி கிடையாது. ஒரே தேர்தலில் நாலு கட்சிக்கும் நானே எழுதியிருக்கிறேன். நாலு பேரும் ஜெயித்தார்கள்.

மூன்றே விதி. முதலாவது ஸ்மோக்கிங். புகை பிடித்தல், புகைத்தல் என்று நீட்டி முழக்கினால் பலகையில் இடம் போதாது. ‘புகைக்கு அனுமதி இல்லை’ என்று முடித்தேன். இரண்டாவது கூலர். பெயிண்டர் அது கறுப்புக் கண்ணாடி என்றான். டிக்கெட் கொடுக்கிற பெண் ஏர் கூலர் என்றாள். ஏர் கூலரை எவன் தலையில் தூக்கிக்கொண்டு குளிக்க வருவான்? நான் யோசித்து ‘ஐஸ் பெட்டிக்கு அனுமதி இல்லை’ என்று போட்டேன். மூன்றாவதுதான் ஸ்ட்ரோலர். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒரு உறுதிக்காக நிர்மலிடம் கேட்டேன். அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இதோ இப்படி, எதையோ தள்ளுகிற மாதிரி நாலடி நடந்து காட்டினார். “வண்டியா சார்?” தலையாட்டினார். “தள்ளுறதா?” மறுபடியும் தலையாட்டினார். அவ்வளவுதான் விஷயம். ‘தள்ளுவண்டிக்கு அனுமதி உண்டு.’

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரி குழந்தையை உட்கார வைத்து உருட்டிக்கொண்டு போனாளே, அதுதானே ஸ்ட்ரோலர் என்கிறீர்கள். இப்போது ஊரெல்லாம் அது உருளுகிறது. அப்போது எங்கள் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைப்பார்கள், இல்லையென்றால் தோளில் வைப்பார்கள். வண்டியில் போனால் அது பூசணிக்காய். அதற்காக எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துதான் எழுதினேன். தள்ளுகிற வண்டி தள்ளுவண்டி. இதில் எங்கே பிழை? அதை எட்டடிப் பலகையில் பெரிதாக எழுதினார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்திலும் அச்சடித்தார்கள். என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு டிக்கெட் இன்னும் வீட்டில் இருக்கிறது.

வாசலுக்கு எதிரே பஞ்சவர்ணம் என்று ஒருத்தி கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். பூங்கா வருவதற்கு முன்னாலிருந்தே பஸ் நிற்கிற அந்த இடத்தில்தான் நிற்பாள். சைக்கிள் சக்கரம் நாலு வைத்த வண்டி, அதில் கரி அடுப்பு, இரும்புச் சட்டி, சட்டியில் மணல், மணலில் கடலை. பக்கத்தில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் நன்னாரி சர்பத்தும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அந்த வண்டி எங்கேயாவது நின்றால்தான் அவளுக்குச் சோறு.

அந்த மார்கழிக் கடைசியில் வாசலுக்கு முன்னால் இருந்த இடம் முழுவதையும் கம்பெனி கார் நிறுத்துவதற்கு எடுத்துக்கொண்டது. போகிக்கு முதல் நாள் நான்தான் போய்ச் சொன்னேன். “பஞ்சவர்ணம், பொங்கல் வரைக்கும்தான். அதுக்கப்புறமும் வண்டி இங்க நின்னுச்சுன்னா பவுன்ராஜ் கவுத்திப் போட்ருவான்.” பவுன்ராஜ் இங்கே செக்யூரிட்டிகளுக்குத் தலைவன். கபடி ஆடினவன். கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்குக் கிடையாது.

அவள் கடலையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். “எங்க போறது சூப்பர்வைசரே?”

“எங்கயாச்சும் போ.”

“மேற்க போனா டோல்கேட்டுக்காரன் வெரட்டுறான். கெழக்க போனா பெட்ரோல் பங்குக்காரன், நெருப்ப வச்சுக்கிட்டு இங்க நிக்காதங்கிறான். நிக்க ஆறடி எடம் காட்டு, போறேன்.”

அப்போது யாரோ ஒரு விளையாட்டுப் பேர்வழி, “அதான் போர்டுல எழுதியிருக்கே, தள்ளுவண்டிக்கு அனுமதி உண்டுன்னு. உள்ள போயேன்” என்று சொல்லிவிட்டான். சும்மா வேடிக்கைக்குத்தான். அவள் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

காணும் பொங்கல் வந்தது. அன்றைக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று நினைக்கிறீர்கள்? கடைசியில் நின்றவனுக்கு டிக்கெட் கிடைக்கும்போது அவன் பிள்ளைக்கு மீசை அரும்பியிருந்தது. வெயில் வேறு. உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று பவுன்ராஜ் ஆட்கள் எல்லோருடைய கூடையையும் கிண்டிப் பறித்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் புளியோதரை இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மைக்கில் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தேன். “ஐஸ் பெட்டிக்கு அனுமதி இல்லை. ஐஸ் பெட்டி இருந்தால் வெளியே வைத்துவிட்டு வரவும்.” சரியாக அந்த நேரம் பார்த்து, எண்பது வயதுப் பெரியவர் ஒருவரைப் பேரன்கள் நாலு பேர் கைத்தாங்கலாகக் கேட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நம் பக்கத்தில் ஐஸ் பெட்டி என்றால் முதலில் எது ஞாபகத்துக்கு வரும்? இழவு வீட்டில் ஆளைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி. அதை நான் யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். பெரியவர் அன்றைக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும்? அவர் நின்றார். தடியை ஊன்றினார். “யாருக்குடா ஐஸ் பெட்டி? நான் இன்னும் சாகல” என்றார். பேரன்கள் நாலு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். ஒவ்வொருத்தனும் நெல் மூட்டை மாதிரி இருந்தான்.

அவர்களைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் ‘கிரீச் கிரீச்’ என்று சத்தம். வரிசை இரண்டாகப் பிளந்தது. நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள் பஞ்சவர்ணம். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறாள்.

“என்ன இது?” என்றேன்.

“தள்ளுவண்டி.”

“அடுப்பு எரியுது. புகைக்கு அனுமதி இல்ல.”

குனிந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். ‘சொய்’ என்று அடங்கியது. “இப்ப?”

“ஐஸ் பெட்டி இருக்கு.”

தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கையில் கொடுத்தாள். “பிள்ளைகளுக்குக் குடுங்கம்மா” என்றாள். அரை நிமிஷத்தில் பெட்டி காலி. “புகை இல்ல. பெட்டி இல்ல. டிக்கெட்டு இருக்கு. இப்ப?”

“இப்பவும் முடியாது.”

“ஏன்?”

தம்பி, அந்த ‘ஏன்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது. நான் சொல்வதற்குள் வரிசையில் இருந்தவர்கள் பலகையை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி எல்லோரும் சேர்ந்து, ராகமாக. “தள்ளுவண்டிக்கு அனுமதி உண்டு.” பிறகு ஒரு சிரிப்பு. பிறகு மறுபடியும். புளியோதரையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். நான் எழுதின வாசகத்தை முந்நூறு பேர் ஒரே குரலில் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

பவுன்ராஜுக்குப் புல்லரிக்கவில்லை. “என்னண்ணே அவகிட்டப் போயிப் பேச்சு” என்று வந்தான். ஒரே உதை. வண்டி எகிறி விழுந்ததில் முன்சக்கரம் ஒன்று கழன்று உருண்டு புளியோதரைக் குவியலில் போய்ப் படுத்தது. வறுத்து வைத்திருந்த கடலை வாசலெல்லாம் சிதறியது. அடுப்பில் பதிந்திருந்த சட்டி மட்டும் விழவில்லை.

பஞ்சவர்ணம் கடலையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது, மணல் ஆறவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிச் சட்டியின் காதைப் பிடித்தாள்.

மணல் அவன் முகத்தில் விழுந்த சத்தம் இருக்கிறதே, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. அவன் போட்ட அலறலில் உள்ளே செயற்கை அலை மிஷின் தானாக நின்றுவிட்டது. பவுன்ராஜ் கண்ணைப் பொத்திக்கொண்டு கீழே உருண்டான். அவன் ஆட்கள் எட்டுப் பேரும் லத்தியோடு அவள்மேல் பாய்ந்தார்கள். முதல் அடி அவள் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியை மூத்த பேரன் கையில் வாங்கினான். வாங்கிய கையோடு அடித்தவன் மூக்கைத் திருகினான். மூக்கு அதற்குப் பிறகு ஒரு காதைப் பார்த்தே இருந்தது.

அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நான் சொல்கிறேன். சர்பத் வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் எவர்சில்வர் டிபன் கேரியரைத் தலைக்குமேல் சுழற்றினாள். ஒரு சுற்றுக்கு ஓர் ஆள் விழுந்தான். ஐந்து சுற்றுச் சுற்றினாள். ஒருத்தன் இரும்புத் தடுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏர் உழுகிற மாதிரி உழுதுகொண்டு போனான். கீழே கிடந்த கடலையில் வழுக்கி விழுந்தவர்கள்மேல் ஓடி வந்தவர்கள் விழுந்தார்கள், அவர்கள்மேல் தடுப்பு விழுந்தது. ஒரு செக்யூரிட்டியின் பல் பறந்து வந்து என் சட்டைப் பையில் விழுந்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், கடைவாய்ப் பல். பெரியவர் இருக்கிறாரே, அந்த எண்பது, அவர் ஓரமாக நின்று யார் விழுந்தாலும் முழங்காலில் ஒரு போடு போட்டார். நம்ம ஆளா எதிராளா என்ற பேதமே இல்லை. ஒவ்வொரு போடுக்கும் “யாருக்குடா பெட்டி?” என்று ஒரு கேள்வி. சிமெண்டுத் தரையில் ரத்தமும் சர்பத்தும் கலந்து எது எது என்று தெரியவில்லை. பதினேழு மண்டை. எண்ணினேன்.

நான் அதுவரை ஒருத்தரையும் தொடவில்லை. மைக்கில் அமைதி, அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடுங்கி என் தலையில் அடித்தார்கள். ‘டம்’ என்று அந்த அடியும் ஸ்பீக்கரில் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், அவ்வளவு அடிதடிக்கும் நடுவில் பஞ்சவர்ணம் மூன்று சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கை வண்டியில், வலது கை கேட்டின் கம்பியில். நெற்றியிலிருந்து ரத்தம் வடிகிறது. வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே. நிர்மல் மாடியிலிருந்து, “அவ கையை எடுங்க, அவ கையை எடுங்க” என்று கத்துகிறார்.

“கைய எடு” என்றேன். எடுக்கவில்லை. மூன்று தடவை சொன்னேன் தம்பி. இல்லை, இரண்டு தடவை. லத்தி என் கையில்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து நெரிக்கிறார்கள், ஆள் முன்னால் போகிறான், லத்தியும் போகிறது, அங்கே ஒரு கை இருக்கிறது. பொங்கல் சமயமா, யாரோ பக்கத்தில் கரும்பு ஒடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அடி வாங்கினால் கத்த வேண்டும், அதுதான் முறை. அவள் தொங்குகிற மணிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீதானய்யா உள்ள போகச் சொன்ன” என்றாள்.

சரி, சொன்னது நான்தான். அந்த விளையாட்டுப் பேர்வழி நான்தான். வேடிக்கைக்குச் சொன்னதை ஒருத்தி அப்படியே பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

போலீஸ் வந்தது. ஆட்களை வேனில் ஏற்றினார்கள், வண்டியைச் சாட்சி என்று மினி லாரியில் ஏற்றினார்கள். பஞ்சவர்ணத்தைக் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, நேராக ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் தமயந்தி என்று ஒரு அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் முன்னால் நிர்மல் ஒரு புகார்த் தாளை வைத்தார். அத்துமீறி நுழைந்தது, கலவரம் தூண்டியது, கொதிமணலை வீசி ஆளைக் குருடாக்கப் பார்த்தது. எழுதியிருந்தபடி போனால் அவள் திரும்பி வர வருஷக்கணக்காகும். வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே துருப்பிடித்துப் போகும்.

நிர்மல் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். “குருவையா, ஒரே ஒரு வரி சொல்லுங்க. குழந்தை வண்டினு எழுத நினைச்சேன், எனக்கு இங்கிலீஷ் தெரியாததால தப்பா எழுதிட்டேன்னு. அவ்வளவுதான். உங்க வேலைக்கு நான் பொறுப்பு.”

தப்பா எழுதிட்டேனா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதா?

இன்ஸ்பெக்டர் அம்மா மேஜையில் ஒரு டிக்கெட்டை விரித்து வைத்திருந்தார். பஞ்சவர்ணத்தின் டிக்கெட். முன்பக்கம் ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. பின்பக்கம் என் வாசகம் தெளிவாக இருந்தது. “இதை எழுதினது நீங்களா?”

“நான்தாம்மா.”

“தள்ளுவண்டின்னா என்ன?”

“தள்ளுற வண்டிம்மா.”

“குழந்தையை வச்சுத் தள்ளுறதா, கடலையை வச்சுத் தள்ளுறதா?”

நிர்மல் இருமினார். நான் பஞ்சவர்ணத்தின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். “அம்மா, உள்ள என்ன இருக்குன்னு பாத்து வண்டிக்குப் பேர் வைக்கிறதில்ல. தள்ளினா தள்ளுவண்டி. நான் எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பிழை இல்ல” என்றேன்.

“அப்போ லாரியைத் தள்ளிட்டு வந்தா விடுவீங்களா?”

“ஸ்டார்ட் ஆகாத லாரின்னா விடத்தாம்மா வேணும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மூக்கைத் தொட்டுக்கொண்டார். நிர்மலிடம் திரும்பி, “உங்க போர்டு வரச் சொல்லுது. டிக்கெட்டும் வரச் சொல்லுது. டிக்கெட் எடுத்து வந்தவளோட வண்டியை உங்க ஆள் உதைச்சிருக்கான். உதைச்சதுல சட்டி சரிஞ்சு மணல் கொட்டிருக்கு. அப்படித்தானே?” என்று கேட்டார். நிர்மல் இல்லை என்றார். “சரி, அப்ப இந்தம்மா கையை ஒடைச்சது யாருன்னும் சேர்த்து எழுதிக்கலாம்” என்று பேனாவை எடுத்தார். “சொல்லும்மா, யார் அடிச்சது?”

என் லத்தி அந்த மேஜையிலேயே கிடந்தது, அதன் நுனியில் அவள் முந்தானை நூல் ஒன்று சுற்றியிருந்தது.

பஞ்சவர்ணம் லத்தியைப் பார்த்தாள். “யாரும் அடிக்கலம்மா. வண்டி சரியுறப்ப கை மாட்டிக்கிச்சு” என்றாள். “எனக்குக் கேசெல்லாம் வேணாம். நிக்க ஆறடி எடம் வேணும்.”

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கி, யார் அடித்தது என்று தெரியாமல் போயிருக்கலாம்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மா வரைபடம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். வாசலுக்கு எதிரே புங்க மரத்தை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புறம்போக்கு. கம்பெனிக்கு அதில் ஒன்றும் கிடையாது. “அந்த மரத்தடியில வண்டி நிக்கும். உங்க ஆள் எவனாவது கை வச்சா, இந்தத் தாளைக் கிழிச்சுட்டுப் புதுத் தாள் எழுதுவேன்” என்று நிர்மலிடம் சொன்னார். நிர்மல் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சமாதானத் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் கழுத்திலிருந்த அடையாள அட்டையை இழுத்துப் பிய்த்தார். அந்தக் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது, பாருங்கள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் பவுன்ராஜின் ஆட்கள் காத்திருந்தார்கள். எட்டுப் பேர் என்று சொல்வதுதான் என் வழக்கம். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், நாலு பேர்தான். சுவரோடு சாய்த்து வைத்து அடித்தார்கள். ஒருத்தன் பிடித்துக்கொண்டான், மற்றவர்கள் முறை வைத்து. இந்தப் பக்கத்துப் பல் மூன்றும் அங்கேதான் போயின. கடைசியாகப் போன பல்லால், அதைத் தட்டினவன் விரலைக் கடித்தேன், கத்திக்கொண்டு ஓடினான். நான் அடித்தது அவ்வளவுதான். மண்டைக் கணக்கில் என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருபத்து மூன்று.

தவழ்ந்து ஸ்டேஷன் வாசலுக்கு வந்தேன். வண்டி நிற்கிறது. பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு பஞ்சவர்ணம். சரி, ஒரு நன்றியாவது சொல்வாள் என்று, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். கிட்ட வந்தாள். இடது கையால் விட்டாள் ஓர் அறை. தம்பி, அன்றைக்கு மைக்கால் வாங்கினேன், முஷ்டியால் வாங்கினேன். அவையெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோயின.

“டாக்டர் ஆறு வாரம் இந்தக் கையால ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னுட்டாரு” என்றாள். “ஒடிச்சவன் நீ. தள்ளு.”

கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

“வீட்டுக்கா?”

“எதுக்கு வீட்டுக்கு? மரத்தடிக்கு.”

மூன்று சக்கரத்தில் தள்ளினேன். ஒரு மூலையைத் தொடையில் தாங்கிக்கொண்டு, நாலு மைல், பைபாஸில், லாரிகள் உரசிக்கொண்டு போக. வாயிலிருந்து வழிந்த ரத்தம் வண்டியின் பலகையில் சொட்டியது, அவள் பின்னாலேயே நடந்து வந்து துணியால் துடைத்தாள், பலகையை. பூங்கா வாசலில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற செக்யூரிட்டிகள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தனும் அசையவில்லை. மறுநாள் பலகையில் என் எழுத்தை அழித்து, ‘குழந்தை வண்டி’ என்று எழுதினார்கள். எழுத்து கோணல், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆறு வாரம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஆறு வாரம் கழித்துக் கேட்டேன், “இன்னும் கூடல” என்றாள். ஆடி மாதம் கேட்டேன், “குளிர்ந்த காத்துல குடையுது” என்றாள். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். காலையில் நான் தள்ளிக்கொண்டு வருவேன், சாயங்காலம் தள்ளிக்கொண்டு போவேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. இந்த வயதில் ஒரு வண்டியைத் தனியாகத் தள்ளுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.

போன வெள்ளிக்கிழமை பவுன்ராஜ் வந்தான். முகத்தில் இன்னும் அந்த மணல் புள்ளிகள் இருக்கின்றன. இன்ஸ்பெக்டர் அம்மா மாற்றலாகிப் போய்விட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டியின் கைப்பிடியில் கையை வைத்து, “இன்னும் எத்தனை நாளைக்கு இந்த” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. பஞ்சவர்ணம் கடலை சலிக்கிற இரும்பு அரிகரண்டியை எடுத்தாள், தோளுக்கு மேல் ஓங்கினாள், அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் டோல்கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவன் கையை மடியில் போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினான்.

வலது கை தம்பி. ஒன்பது வருஷமாக ஒரு தம்ளர் தூக்க முடியாத கை.

அடித்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மரத்தில் காய் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோ, கூப்பிடுகிறாள் பாருங்கள். “சூப்பர்வைசரே, வெயில் திரும்பிருச்சு. வண்டிய நகத்தணும், எனக்குக் கை முடியல.” வருகிறேன் தம்பி. பாவம், இன்னும் கூடவில்லை.